செதிலின் நீளமும் தடிப்பும்: திரவத்தில் கிராஃபீன்

2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவைச் சேர்ந்த 60 நிறுவனங்களின் ‘கிராஃபீன்’ சரக்கைப் பெற்று, எல்லாவற்றையும் ஒரே முறையில் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். பத்துக் கரிம அடுக்குக்குள் அடங்கும் செதிலை மட்டுமே கிராஃபீன் என்று கணக்கில் கொண்டார்கள். பெரும்பாலான சரக்கில் அப்படிப்பட்ட செதில்கள் 10 சதவீதம்கூடத் தேறவில்லை. பாதியைத் தாண்டிய சரக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் நன்றாகப் பொடித்த கிராஃபைட். கிராஃபீனுக்காக 2010இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அந்த ஆய்வில் பங்கேற்றிருந்தார்.

வியாபாரிகள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சிக்கல் அதைவிட ஆழமானது. கிராஃபைட்டைத் திரவத்தில் போட்டு அடித்தால் மை போன்ற கருப்புக் கூழ்மம் ஒன்று கிடைத்துவிடும். அதற்குப் பெரிய திறமை தேவையில்லை. அந்தக் கருப்புக்குள் எந்த நீளத்தில், எத்தனை அடுக்கில், எவ்வளவு செதில் இருக்கிறது என்பதை நம் விருப்பப்படி அமைப்பதுதான் கடினம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த இந்த முயற்சிகளைச் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது. திரவத்துக்குள் உடைக்கும்போது நீளத்தையும் தடிப்பையும் தனித்தனியே தீர்மானிக்க வழியில்லை. ‘அளவுக் கட்டுப்பாடு’ என்று ஆய்வேடுகள் சொல்வதில் பெரும்பகுதி, எல்லா அளவிலும் உண்டாக்கிவிட்டுப் பிறகு வேண்டியதைப் பொறுக்குவதுதான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? கிராஃபைட்டில் ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 0.34 நானோமீட்டர். திரவத்தில் உரித்தெடுத்த செதிலின் நீளம் வழக்கமாகச் சில நூறு நானோமீட்டரிலிருந்து ஓரிரு மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இதில் எது நல்ல அளவு என்பது எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. இங்க்ஜெட் அச்சில் துகளின் அளவு துளையின் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது அச்சுமை செய்பவர்களின் கைக்கணக்கு. 50 மைக்ரோமீட்டர் துளைக்கு 1 மைக்ரோமீட்டர் செதில்தான் உச்சம். அதற்கு மேல் போனால் துளை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கை வலுப்படுத்த விரும்புகிறவருக்கு நிலைமை நேரெதிர். 2010இல் மான்செஸ்டரில் ராபர்ட் யங், இயன் கின்லாக் ஆகியோரின் குழு, பாலிமரில் பதித்த ஓரடுக்குச் செதிலை இழுத்து, திரிபு அதற்குள் எப்படிப் பரவுகிறது என்பதை ராமன் நிறமாலையால் வரைபடமாக்கியது. பாலிமரின் இழுவை விளிம்பிலிருந்து செதிலுக்குள் முழுதாக ஏறவே மைக்ரோமீட்டர் கணக்கில் தூரம் பிடிக்கிறது. உருப்படியான வலுவூட்டலுக்கு 30 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட செதில் வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். அச்சுக்கு அருமையான கூழ்மம் பிளாஸ்டிக்குக்கு ஏறக்குறைய உதவாது. வாயு கசியாத பூச்சுக்கு வேண்டியது நீளத்துக்கும் தடிப்புக்கும் உள்ள விகிதம். வாயு மூலக்கூறு செதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தூரத்தை அதுதான் நீட்டுகிறது.

உடைவதும் உரிவதும்

இந்தத் துறையின் தொடக்கம் 2008. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன் குழு, கிராஃபைட் பொடியை என்.எம்.பி. என்ற கரைப்பானில் போட்டு மீயொலியால் அதிரவைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேலே நின்ற தெளிவில் ஓரடுக்குச் செதில்கள் இருப்பதைக் காட்டியது. அமிலம் இல்லை, ஆக்சிஜனேற்றம் இல்லை. கரிமத் தளம் பழுதுபடாமல் கிடைத்தது. கிராஃபைட்டின் பரப்பாற்றலுக்கு நெருங்கிய பரப்பாற்றல் உள்ள திரவம் செதில்களை மறுபடி ஒட்டவிடாது என்பது அவர்களுடைய விளக்கம். ஆனால் கிடைத்தது மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஓரடுக்குச் செதில்களோ, போட்ட கிராஃபைட்டின் எடையில் சுமார் 1 சதவீதம். பிறகு தண்ணீரில் சோடியம் கோலேட் போன்ற பித்த உப்புகளைக் கலந்தும் இதைச் செய்ய முடிந்தது. என்.எம்.பி. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிப்பது. பூசிய படலத்திலிருந்து அதை விரட்டுவது பெரும்பாடு. இனப்பெருக்க நலனுக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருப்பதும் தண்ணீர் பக்கம் திரும்ப ஒரு காரணம்.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் செறிவைக் கூட்டும் போட்டியில் கழிந்தன. அந்தப் போட்டியில்தான் அளவின் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. 2010இல் உமர் கான் முதலிய டப்ளின் ஆய்வாளர்கள் குறைந்த திறன் கொண்ட மீயொலித் தொட்டியில் 460 மணி நேரம் வரை அதிரவிட்டு, மில்லிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்ற செறிவை எட்டினார்கள். நூறு மடங்குக்கும் மேற்பட்ட முன்னேற்றம்தான். ஆனால் அதே ஆய்வு, செதிலின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்குவதையும் பதிவுசெய்தது. நேரத்தை நான்கு மடங்காக்கினால் செதில் பாதியாகும். செறிவோ நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். கூழ்மத்தை இரட்டிப்பு அடர்த்தியாக்க நினைத்தவர் செதிலின் பாதி நீளத்தை விலையாகக் கொடுக்கிறார். செறிவை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, நீளத்தைத் துணைப் படத்தில் ஒளித்துவைக்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை; அப்படிப்பட்ட ஆய்வேட்டைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

நீளம் ஏன் இப்படிச் சுருங்குகிறது? மீயொலி திரவத்தில் குமிழிகளை உண்டாக்கி வெடிக்கவைக்கிறது. அந்த அதிர்ச்சி அலை செதிலைத் தட்டும்போது அடுக்குகள் உரியலாம், செதில் குறுக்கே ஒடியலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை. மழையில் நனைந்து ஒட்டிப்போன பழைய செய்தித்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தவருக்கு இது தெரியும்: தாள் கிழியாமல் பிரிவதில்லை. 2020இல் மான்செஸ்டர் குழு இதைப் படிப்படியாகப் படம்பிடித்துக் காட்டியது. முதலில் பெரிய செதில்கள் உடைகின்றன. அவற்றின் மேற்பரப்பில், படிகத்தின் குறிப்பிட்ட திசைகளை ஒட்டி, மடிப்புக் கோடுகள் விழுகின்றன. பிறகு அந்தக் கோடுகளில் விரிசல் ஓடி, இடுக்கில் கரைப்பான் புகுந்து, மெல்லிய கிராஃபைட் பட்டைகள் கழன்று வருகின்றன. கடைசியாகத்தான் அந்தப் பட்டைகள் அடுக்கடுக்காக உரிந்து கிராஃபீன் ஆகின்றன. கவனிக்க வேண்டியது இந்த வரிசையை. செதில் மெலிவதற்கு முன்பே அதன் அகலம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நாம் தொடங்கும் படிகம் அரை மில்லிமீட்டர் இருந்தாலும், மீயொலியில் விட்டால் மைக்ரோமீட்டர் அளவுக்கு வந்துதான் நிற்கும்.

இதற்குப் பொதுவிதி வடிவம் கொடுத்தவர் கிளாடியா பேக்கஸ். 2019இல் அவரும் சக ஆய்வாளர்களும் கிராஃபீனோடு நிற்காமல் பல அடுக்குப் பொருள்களை ஒரே மாதிரி உடைத்து, செதில்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், சராசரி நீளத்துக்கும் சராசரி தடிப்புக்கும் இடையே நிலையான உறவு தெரிந்தது. செலுத்தும் ஆற்றல் கிழிப்பதற்கும் உரிப்பதற்கும் சமமாகப் பங்காகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உறவை இரண்டு எண்களின் விகிதத்திலிருந்தே வருவிக்கலாம்: அடுக்குக்குள் கிழிக்க ஆகும் ஆற்றல், அடுக்கிலிருந்து அடுக்கைப் பிரிக்க ஆகும் ஆற்றல். கிராஃபீனில் முதலாவது மிகப் பெரிது. அதனால் அடுக்குப் பொருள்களில் அதற்கு நல்ல விகிதம் வாய்த்திருக்கிறது. ஆனாலும் அந்த விகிதம் பொருளின் இயல்பு. அதை மாற்றும் குமிழ் கருவியில் இல்லை. மெல்லிய செதில் வேண்டுமென்றால் சராசரியில் சின்னச் செதிலும் சேர்ந்தே வரும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 2014இல் வந்த சறுக்கு விசை முறையின் பெருமையும் எல்லையும் விளங்கும். கீத் பேட்டனும் கோல்மன் குழுவும் தொழிற்சாலைகளில் குழம்பு கலக்கும் வகையைச் சேர்ந்த அதிவேகக் கலக்கியில் கிராஃபைட்டைப் போட்டார்கள். திரவத்தின் சறுக்கு வீதம் நொடிக்கு சுமார் 10,000ஐத் தாண்டினால் போதும், குமிழி வெடிப்பே இல்லாமல் செதில் உரிகிறது என்று கண்டார்கள். சமையலறை மிக்ஸியும் பாத்திரம் கழுவும் சோப்பும்கூட வேலை செய்தன. வீட்டிலேயே கிராஃபீன் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. அந்த மிக்ஸித் தண்ணீரிலும் பெரும்பங்கு உரியாத கிராஃபைட்தான், அதையும் மையவிலக்கியில் இட்டாக வேண்டும் என்ற பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. சில நூறு மில்லிலிட்டரில் செய்ததைச் சில நூறு லிட்டருக்குக் கொண்டுபோக முடிந்ததுதான் உண்மையான ஆதாயம். அளவைப் பொறுத்தவரை, செதில் சிறுக்கச் சிறுக்க அதை உரிக்கத் தேவையான சறுக்கு வீதம் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு நீளத்துக்குக் கீழே உள்ளவை உரியாமலே தங்கிவிடும். இது ஒரு வகையில் இயற்கையான கீழ்வரம்பு. மீயொலியில் அப்படி ஒன்று கிடையாது.

சுழற்றிப் பிரித்தல்

உடைக்கும்போது கட்டுப்படுத்த முடியாததை, உடைத்தபின் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கான கருவி மையவிலக்கி. எளிய கருவிதான், ஆனால் குழப்பமும் பிழையும் அதிகம் நேர்வது இங்கேதான்.

திரவத்தில் விழும் தட்டையான செதிலின் வேகம் ஏறத்தாழ அதன் நீளத்தையும் தடிப்பையும் பெருக்கிவரும் எண்ணுக்கு நேர்விகிதம். எடை நீளத்தின் வர்க்கத்தோடும் தடிப்போடும் ஏறுகிறது. திரவத்தின் இழுவை நீளத்தோடு மட்டும் ஏறுகிறது. வகுத்தால் மிஞ்சுவது இந்தப் பெருக்கல். எனவே 1 மைக்ரோமீட்டர் நீளமும் 1 நானோமீட்டர் தடிப்பும் உள்ள செதிலும், கால் மைக்ரோமீட்டர் நீளமும் 4 நானோமீட்டர் தடிப்பும் உள்ள செதிலும் ஒரே வேகத்தில் இறங்கும். மையவிலக்கிக்கு இவற்றுக்குள் வேறுபாடு தெரியாது. கொள்கையளவில் பார்த்தால் அது நீளத்தையும் பிரிக்காது, தடிப்பையும் பிரிக்காது. நடைமுறையில் அது உதவுவதற்குக் காரணம் மேலே சொன்ன பேக்கஸின் உறவே: நீளமானவை பெரும்பாலும் தடித்தவை, குட்டையானவை பெரும்பாலும் மெல்லியவை. பெருக்கலைப் பிரித்தால் இரண்டும் சேர்ந்தே பிரிகின்றன. பிரிப்புக் கருவி சரியாக வேலை செய்வதே, உடைப்பில் நமக்குப் பிடிக்காத அந்தக் கட்டுப்பாட்டின் தயவில்தான்.

ஒரே ஒரு முறை சுழற்றி மேல்தெளிவை எடுப்பது பழைய வழக்கம். அது ஒரு எல்லைக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்கும். நொறுங்கிய துணுக்குகளும் அதில் அடக்கம். 2012இல் கான் குழு இதைத் தலைகீழாக்கியது. முதலில் அதிவேகத்தில் சுழற்றி, சின்னச் செதில்கள் மிதக்கும் தெளிவை ஒதுக்கினார்கள், அடியில் படிந்த வண்டலை மறுபடி கரைப்பானில் கலக்கி, வேகத்தைக் குறைத்துச் சுழற்றினார்கள், இப்படியே படிப்படியாக. நிமிடத்துக்கு 3000 சுற்றில் பிரித்த பங்கில் சராசரி நீளம் 1 மைக்ரோமீட்டர். 500 சுற்றில் பிரித்ததில் 3.5 மைக்ரோமீட்டர். வழக்கமாகக் குப்பையில் போகும் வண்டலுக்குள் நல்ல பெரிய செதில்கள் கிடந்தன என்பது அந்த ஆய்வு தந்த முக்கியமான செய்தி.

2016இல் பேக்கஸும் டப்ளின் குழுவும் சீர்ப்படுத்திய அருவி முறை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் தெளிவை எடுத்து அடுத்த உயர்ந்த வேகத்துக்கு அனுப்பி, அடியில் படிந்ததைச் சேமிப்பது. இரு வேகங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு வண்டலும் ஓர் அளவு வரிசை. வண்டலாகக் கிடைப்பதால் அதைக் கொஞ்சம் திரவத்தில் கலக்கிச் செறிவைக் கூட்டலாம், கரைப்பானையே மாற்றிக்கொள்ளலாம். டங்ஸ்டன் டைசல்ஃபைடில் இப்படிச் செய்து, ஓரடுக்குச் செதிலின் பங்கை 75 சதவீதம் வரை உயர்த்திக் காட்டினார்கள். ஒரு குறை உண்டு. குழாயின் அடிப்பகுதியிலேயே இருந்த சின்னச் செதில், மேலிருந்து இறங்கிவந்த பெரிய செதிலோடு சேர்ந்தே படிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வண்டலிலும் சிறிது கலப்படம். மறுபடி கலக்கி, அதே வேகத்தில் இன்னொரு முறை சுழற்றினால் குறையும். நேரமும் சரக்கும் அதற்கேற்பச் செலவாகும்.

ஆய்வேடுகளின் செய்முறைப் பகுதியில் ‘5000 சுற்று, 45 நிமிடம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுழலியின் ஆரம் 8 செ.மீ. என்றால் அந்த வேகத்தில் எழும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 2240 மடங்கு, 16 செ.மீ. என்றால் அதைப்போல் இரு மடங்கு. ஒரே சுற்று எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு செதிலைப் பெறுவது இதனால்தான். போதாக்குறைக்கு, என்.எம்.பி.யின் பாகுநிலை தண்ணீரைவிட அதிகம். அதற்கு எழுதிய செய்முறையைச் சோப்புத் தண்ணீருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. குழாயில் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும். இவற்றைக் குறிப்பிடாத செய்முறையைப் பார்த்து யாரும் திரும்பச் செய்ய முடியாது.

தடிப்பை மட்டும் தனியே பிரிக்கும் வழி ஒன்று இருக்கிறது. 2009இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கிரீன், மார்க் ஹெர்சம் இருவரும் அடர்த்தி படிப்படியாக மாறும் திரவத்தில் செதில்களை அதிவேக மையவிலக்கியில் ஏற்றினார்கள். சோடியம் கோலேட் மூலக்கூறுகள் செதிலின் இரு புறமும் போர்வையாகப் படிகின்றன. போர்வையின் தடிப்பு மாறாது. உள்ளே கரிம அடுக்கு கூடக் கூட மொத்த அடர்த்தி ஏறும். ஒவ்வொரு செதிலும் தன் அடர்த்திக்கு ஒத்த மட்டத்தில் போய் நின்றுவிடும். நீளம் எதுவானாலும் அதில் மாற்றமில்லை. அழகான முறை. ஆனால் சில மில்லிலிட்டருக்கு மேல் பெருக்குவது கடினம். சோதனைச்சாலைக்கு வெளியே இது பெரிதாகப் பரவாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு முனையில், பிரிக்கவே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 2017இல் கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரியா ஃபெராரி குழு, குறுகிய நுண்குழாய்களின் வழியே கிராஃபைட் கலவையை உயர் அழுத்தத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தியது. அங்கே சறுக்கு வீதம் நொடிக்கு பத்துக் கோடி அளவு. சுழற்றி எதையும் ஒதுக்காமல் லிட்டருக்கு 100 கிராம் வரையான அடர்ந்த மையை நேராக அச்சுக்குக் கொடுத்தார்கள். அதில் உள்ளவை எல்லாம் ஓரடுக்குச் செதில்கள் அல்ல. பல தடித்த தட்டுகள். கடத்தும் மைக்கு அது போதும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பயனுக்கு அது சரியான வாதமே.

எதை அளக்கிறோம்

அளவைக் கட்டுப்படுத்தினோம் என்று சொல்ல முதலில் அளக்கத் தெரிய வேண்டும். அணுவிசை நுண்ணோக்கியில் சில நூறு செதில்களை ஒவ்வொன்றாக அளப்பதே இன்றும் அடிப்படை. அதிலும் சறுக்கல்கள் உண்டு. கரைப்பானும் சோப்பும் ஒட்டியிருப்பதால் ஓர் அடுக்கு 0.34க்குப் பதில் 0.95 நானோமீட்டர் போல் தெரியும். இதைத் திருத்தாமல் எண்ணினால் அடுக்கு எண்ணிக்கை மும்மடங்காகிவிடும். உலரும்போது செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், மிகச் சின்னவை கண்ணில் படாமல் போவதும் தனி.

இவற்றைவிடப் பெரிய பொறி, சராசரியை எப்படி எடுக்கிறோம் என்பது. 0.1 மைக்ரோமீட்டர் நீளத்தில் மூன்றடுக்குச் செதில்கள் 99, 1 மைக்ரோமீட்டர் நீளத்தில் முப்பதடுக்குச் செதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்த்தால் 99 சதவீதம் கிராஃபீன். எடை போட்டால் அந்த ஒற்றைத் தட்டிலேயே 91 சதவீதம் இருக்கிறது. இரண்டு கூற்றும் உண்மைதான். விற்பவர் முதலாவதைச் சொல்வார், சிங்கப்பூர் ஆய்வு போன்றது இரண்டாவதைக் கண்டுபிடிக்கும். செதில்களின் நீளம் ஒரு பக்கம் வால் நீண்ட பரவலாக இருப்பதால் இது கற்பனைக் கணக்கு அல்ல.

வேகமான வழிகள் ஒளியைக் கொண்டு அளப்பவை. ராமன் நிறமாலையில் பழுதைக் காட்டும் டி முகடு, நல்ல செதிலில் விளிம்பிலிருந்து மட்டுமே எழுகிறது. அதனால் ஜி முகட்டோடு அதன் விகிதம் நீளத்துக்கு எதிர்விகிதமாக மாறும். 2டி முகட்டின் வடிவமும், ஒளி மங்கல் நிறமாலையின் வடிவமும் அடுக்கு எண்ணிக்கையைச் சொல்லும். 2016இல் டப்ளின் குழு இவற்றைச் சூத்திரங்களாக்கியது. செதிலின் நடுவிலும் பழுது இருந்தால் அந்தச் சூத்திரம் பொய் சொல்லும் என்பதை மறக்கக்கூடாது. செறிவை அளக்கும் எண்ணே நீண்ட நாள் ஆட்டம் கண்டிருந்தது: ஒளி மங்கல் குணகம் 2008இல் 2460 என்றும், 2010இல் 3620 என்றும், சோப்புத் தண்ணீருக்கு 6600 என்றும் வந்தது. பழைய ஆய்வேடுகளின் செறிவுகளை இன்றைய எண்களோடு நேராக ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 2021இல் வந்த பன்னாட்டுத் தர ஆவணம் எந்தக் கருவியால் எந்த வரிசையில் அளப்பது என்பதையாவது வகுத்துக் கொடுத்தது.

நீளத்தையும் தடிப்பையும் பிணைத்திருக்கும் அந்த விகிதத்திலிருந்து தப்ப வழி இருக்கிறதா? ஒன்றுதான்: உடைப்பதற்கு முன்பே அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துவது. கிராஃபைட்டில் பொட்டாசியத்தைப் புகுத்தி அடுக்குகளுக்கு எதிர்மின்னேற்றம் கொடுத்தால், அவை ஒன்றையொன்று விலக்கி, அதிர்ச்சி இல்லாமலே கரைப்பானில் பிரிகின்றன. போர்டோவில் அலென் பெனிகோ குழு 2017இல் அவற்றைக் காற்று நீக்கிய தண்ணீருக்கு மாற்றி, சோப்பே இல்லாத ஓரடுக்குக் கூழ்மத்தைக் காட்டியது. காற்றும் ஈரமும் படாமல் தொடக்கம் முதல் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் தடை. மின்வேதி முறை இதைவிட எளிது. 2014இல் கலெத் பர்வேஸ், ஷின்லியாங் ஃபெங், கிளாவுஸ் மியூல்லன் ஆகியோர் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலில் கிராஃபைட்டை மின்வாயாக வைத்தார்கள். அடுக்கிடையில் புகுந்த அயனிகள் வாயுவாகி விரிந்து அடுக்குகளைத் தள்ளின. 85 சதவீதச் செதில்கள் மூன்று அடுக்குக்குள். நீளம் 44 மைக்ரோமீட்டர் வரை. மான்செஸ்டரின் 30 மைக்ரோமீட்டர் எதிர்பார்ப்பை எட்டுவது இதுபோன்ற வழிதான்.

இங்கேதான் தொடக்கக் கிராஃபைட் மறுபடி முக்கியமாகிறது. மீயொலியில் படிகத்தின் பெருமை நொறுங்கிப்போகும். மின்வேதியிலோ பெரிய படிகம் பெரிய செதிலைத் தரும் வாய்ப்பு உண்டு. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்புபோல் படிந்த தூய கிராஃபைட்டுக்குக் கிராஃபீன் தயாரிப்பில் மவுசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மின்வேதிச் செதிலில் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறிவிடுவதைப் பல பயன்களுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் அதற்கடுத்த படியில். மின்வாயிலிருந்து கழன்று விழுந்த அந்த நீண்ட செதில்கள் கொத்தாகத்தான் கிடைக்கின்றன. கழுவி வடித்தபின் கரைப்பானில் பரப்ப, சிறிது நேரம் மீயொலியில் வைக்கிறார்கள். செதிலின் நீளம் அங்கே மறுபடி சுருங்கத் தொடங்குகிறது.